வெறும் டப்பாவ திருப்பிக் குடுக்கலாமா?

இன்னா பாப்பா இது… வெறும் டப்பாவ கழுவிக் கொண்டாந்து நீட்டுற? குடு, குடு. வாங்கிக்கறேன், வாங்காம இன்னா பண்றது. ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. நீ மேல்வூட்டுக்குக் குடிவந்து இன்னியோட ஒம்போது நாளு. செவ்வாக்கெழம ஒனக்கு கேசரி குடுத்தேனா? நல்லா இருந்துச்சா? இருக்கும் இருக்கும், நெய்ய தாராளமாத்தான் வுட்டேன். அந்த டப்பாவ இப்பிடி மூடி போட்டு வெறுமனே திருப்பித் தரியே, ஒங்க ஊர்ல யாரும் சொல்லித் தர மாட்டாங்களா? எந்த ஊரு சொன்ன… ஓசூரா? அங்க எப்பிடியோ. எங்க முத்தியால்பேட்டையில ஒரு வூட்டுப் பாத்திரம் வெறுமையா திரும்பாது. பெரிசா ஒண்ணும் வாணாம். ரெண்டு பச்ச மொளகா, ஒரு கொத்து கறிவேப்பில. அதுவும் இல்லியா, ஒரு ஸ்பூன் சக்கர. அவ்ளோதான்.

"இல்ல ஆன்ட்டி"ன்னு இன்னாத்துக்கு இழுக்குற? தூக்குனாவே தெரியுதே, காத்து மாதிரி இருக்குது. சரி வுடு. சின்னப் பொண்ணு நீ, காதுல மெஷின மாட்டிகினு நாள் பூரா கம்ப்யூட்டர்கிட்ட பேசிகினு கெடக்குற, ஒனக்கு யாரு இதெல்லாம் சொல்லப் போறா. நான் இன்னிக்கி கொஞ்சம் சிடுசிடுன்னுதான் இருக்கேன். இன்னா பாக்குற? பொடவையா? பட்டுதான். வெள்ளிக்கெழம பகல் பதினோரு மணிக்கு பட்டுப் பொடவ கட்டிகினு வாசப்படியில எவளாவது நிப்பாளா? நான் நிக்கிறேன். ஆட்டோ வரணும். அரியாங்குப்பம் போவணும். அங்க எல்லாரும் வந்தாச்சி, நான் ஒருத்திதான் பாக்கி.

உக்காரு. அட உக்காரும்மா, ரெண்டு நிமிசம். அந்த நாற்காலியில வாணாம், அதுல பாத்திரம் இருக்குது! மெல்ல! பாத்தியா, பூப்போட்ட பீங்கான், மூடியில கூட சின்னதா ஒரு பூ குமிழ். பிரான்சுலேர்ந்து கப்பல்ல வந்ததாம். அவங்க வூட்டுல இத சூப்பியேர்னு சொல்லுவாங்க. சூப்பு ஊத்தி வெக்கிறதுக்காம். இப்ப உள்ள இருக்கறது சக்கரப் பொங்கலு. இந்தப் பாத்திரத்தாலதான் எங்க குடும்பத்துல பன்னெண்டு வருசமா ஒரு வூட்டுத் தண்ணிய இன்னொரு வூட்டுல குடிக்கிறதில்ல.

அவங்கன்னா யாரா? என் தம்பியோட மாமனார் வூடு. என் தம்பி முகிலன், தட்டாஞ்சாவடியில ஒரு கம்பெனியில மெஷின் ஓட்டுறான். அதே கம்பெனி ஆபீசுல ரோஸ்லின்னு ஒரு பொண்ணு. வேதக்காரங்க. அவங்கப்பா அந்துவான், பிரெஞ்சு ராணுவத்துல இருந்தவரு, சொல்தான்னு ஊர்ல சொல்லுவாங்க. இன்னிக்கும் பிரான்சு பென்சன் வருது. அவரு சம்சாரத்த எல்லாரும் மதாம்னுதான் கூப்புடுவாங்க, எனக்கு அவங்க பேரே தெரியாது. கோயிலாண்ட, அவங்க கோயிலு, சர்ச்சு, அதுக்குப் பின்னாடி மாடி வூடு. இந்தப் பக்கம் நாங்க. எங்கப்பா கலியமூர்த்தி, மில்லுல முப்பது வருசம் வேல செஞ்சவரு. வெள்ளிக்கெழம, கிருத்திகை, அமாவாச எல்லாம் சுத்தம். பொருத்தத்தப் பாத்தியா?

எங்கம்மா போறப்ப முகிலனுக்கு ஏழு வயசு, எனக்குப் பத்தொம்போது. குளிப்பாட்டி, தல வாரி, சோறு ஊட்டி, ஸ்கூலுக்கு அனுப்பி எல்லாம் நாந்தான். நான் கல்யாணமே கட்டிக்கல. அது வேற கதை, கேக்காத. அந்தப் பையன் ஒரு நாளு ரிஜிஸ்டர் ஆபீசுல மாலைய மாத்திகினு வந்து நிக்கிறான் பாப்பா! இதே வாசப்படியில! எனக்கு ஒரு வார்த்த சொல்லல. எங்கப்பா ஒரு மாசம் மூஞ்சத் தூக்கி வெச்சிகினு இருந்தாரு, அப்பறம் "பொண்ணு நல்ல பொண்ணாத்தான் இருக்குது"ன்னுட்டாரு. ஆம்பளைங்க மனசு அவ்ளோதான். ஒரு மாசத்துக்குமேல கோவத்த வெச்சிக்கத் தெரியாது.

இன்னா, டப்பாவையே காட்டுற? ஆமா, அதத்தான் சொல்ல வரேன், பாத்திரக் கதைதான். இரு.

கல்யாணம் ஆன வருசம் கிறிஸ்மசு. அந்த மதாம் இந்தப் பாத்திரம் நெறைய கேக்கு செஞ்சி குடுத்தனுப்புது. முந்திரி, திராட்சைய மாசக்கணக்குல ரம்முல ஊறப்போட்டு, முட்டை ஒடைச்சி ஊத்தி… எப்ப? மார்கழி மாசத்துல! எங்கப்பா ஐயப்பனுக்கு மாலை போட்ருக்காரு! வூட்டுல வெங்காயம்கூட சேக்காம நான் தனி அடுப்புல சமைச்சிகினு இருக்கேன், வாசல்ல வந்து நிக்குது ரம்மு கேக்கு! அவங்களுக்குத் தெரியாதுதான். யாரு சொன்னா அவங்களுக்கு? இவன் சொல்லியிருக்கணும், முகிலன். இவன் எங்க சொன்னான்… அதுலேர்ந்து புடிச்சிது சனியன். மதம் வேற வேறயா இருந்தா இப்பிடித்தான்னு நானே நாலு பேருகிட்ட சொல்லியிருக்கேன்.

அப்பறம் கேளு. கொழந்த பொறந்துச்சி, ஆஸ்பத்திரியில அவங்க காலையில வந்து பாத்தா நாங்க சாயங்காலம் போவோம். ஞானஸ்நானத்துக்கு நாங்க போவல. காது குத்துக்கு அவங்க வரல. பொறந்த நாளுக்கு வருசா வருசம் ரெண்டு கேக்கு, ரெண்டு வூட்டுல. பேரே ரெண்டு பாப்பா அதுக்கு! எங்கப்பாவுக்கு அது அபிராமி. அவங்களுக்கு அபிகாயில், பைபிள்ல வருமாம். ஸ்கூல் நோட்டுல வெறும் அபி. அது சமாளிச்சிக்கும். சனிக்கெழம எங்க வூடு, ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சி அவங்க வூடு. நெத்தியில நான் வெச்ச விபூதிய அழிச்சிட்டுத்தான் அங்க அனுப்புவேன், அழிக்காம அனுப்பிச்சா அவங்க அழிச்சிருவாங்களோன்னு. அழிச்சாங்களா? தெரியாது. நான் எங்க வுட்டேன் பாக்கறதுக்கு.

அந்தப் பொண்ணுக்கு எங்கேர்ந்து வந்துதோ இந்தச் சமையல் பைத்தியம். எட்டு வயசுல என் பின்னாடி வந்து நிக்கும். ஒரு முக்காலி போட்டு ஏறி நின்னுகினு, "அத்தை, கடுகு வெடிச்சப்பறம் எத்தினி எண்ணணும்?"னு கேக்கும். எண்ணிகினா சமைப்பாங்க? ஆனா அது எண்ணும். இங்க கத்துக்கறத அங்க செய்யும், அங்க கத்துக்கறத இங்க செய்யும். ஒரு நாளு எங்கப்பாவுக்கு முட்டை போட்டு ஒரு தோசை மாதிரி சுட்டுக் குடுத்துச்சி, உள்ள வெங்காயம், கொத்தமல்லி. "பேரு இன்னாடா கண்ணு?"ன்னாரு. "ஒம்லெத்து தாத்தா"ன்னுச்சி. "நல்லாருக்குது, யாரு கத்துக் குடுத்தா?"ன்னாரு. புள்ள முழிக்குது பாவம். நாந்தான் "டீவியில பாத்திருக்கும்"னேன்.

ஒரு நாளு என்ன வந்து கேக்குது, "அத்தை, அந்த வூட்டுலயும் இதே வாசந்தான் வருது, எப்பிடி?" வடகம் தாளிக்கிறேன் நான். வடகம் தெரியுமா ஒனக்கு? சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து, வெந்தயம் எல்லாத்தையும் கலந்து வெளக்கெண்ண வுட்டுப் பிசைஞ்சி, உருண்டை புடிச்சி, வெய்யில்ல நாள் கணக்கா காய வெக்கிறது. எங்க வூட்டு வடகம் மாதிரி புதுச்சேரியில கெடையாதுன்னு எங்கப்பா சொல்லுவாரு. அந்த சொல்தாவும் அவங்க வூட்டு வடகத்தப் பத்தி அப்பிடியேதான் சொல்லுவாராம், அதுக்கு பிரெஞ்சுல ஒரு பேரு வேற வெச்சிருக்காரு. எண்ணெய் காஞ்சி போட்டா எல்லாம் ஒரே வாசந்தான பாப்பா? இந்தக் குட்டி இன்னா பண்ணுச்சி தெரியுமா? ரெண்டு வூட்டு வடக பாட்டிலையும் மாத்தி வெச்சிடுச்சி! எங்கப்பா மதாம் போட்ட வடகத்துல வத்தக்கொழம்பு சாப்புட்டு, வெரல நக்கிகினு, "நம்ம வூட்டு வடகம் நம்ம வூட்டு வடகந்தான்"ங்கறாரு. அங்க அந்துவான் என் வடகத்துல மீன் கொழம்பு சாப்புட்டுட்டு அதையே சொல்லியிருக்காரு. ரெண்டு மாசம் வெச்சி ஓட்டிட்டா! எனக்கே தெரியல, என் கை வடகம் எனக்கே தெரியல! அதுக்கப்பறம் அவளே வந்து சொல்றா. சொல்லிட்டு சிரிக்கிறா சிரிக்கிறா, தரையில உருளுறா. எனக்குக் கோவம் வந்துச்சி, அப்பறம் நானும் சிரிச்சிட்டேன். இன்னா பண்றது.

எங்கப்பாகிட்ட சொன்னப்ப அவரு சிரிக்கல. பாட்டில எடுத்து மோந்து பாத்தாரு. அப்பறம், "அந்தம்மா நல்லாத்தான் செஞ்சிருக்குது"ன்னாரு. அவ்ளோதான் சொன்னாரு.

மணி இன்னா? ஒனக்கு மீட்டிங்கா? பன்னெண்டுக்குத்தான? நெறைய நேரம் இருக்குது. இன்னாத்துக்கு டப்பாவத் தொடற, நான் எடுத்து உள்ள வெச்சிக்கறேன், வுடு.

இந்த வாரம் அபிக்குப் பத்து முடியுது. போன மாசமே சொல்லிட்டா: "இந்த வருசம் எனக்கு ரெண்டு கேக்கு வாணாம். நான் சமைப்பேன். ரெண்டு தாத்தாவும் ஒரே பந்தியில உக்காந்து சாப்புடணும். இல்லாட்டி சனிக்கெழமயும் வர மாட்டேன், ஞாயித்துக்கெழமயும் போவ மாட்டேன்." சொன்னா செய்யிற புள்ள அது, முகிலன் மாதிரியே. அவனும் இப்பிடித்தான சொல்லாம கொள்ளாம… சரி அத வுடு. எங்கப்பாவுக்கு சனிக்கெழமன்னா உயிரு. வெள்ளிக்கெழம ராத்திரியே வேட்டிய மடிச்சி வெச்சிகினு, புள்ள வருதுன்னு காத்துகினு இருப்பாரு. அந்தப் புள்ள வர மாட்டேன்னா இந்த வூட்டுல நாங்க ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்துகினு இன்னா பண்றது?

சரி, பந்திய என்னிக்கி வெக்கிறது? பெரியவங்க எல்லாம் காலண்டர எடுத்துகினு உக்காந்தோம், அவங்கவங்க வூட்டுல. கறி போட்டாத்தான விருந்து? அவங்களுக்கு இது தவக்காலம், ஈஸ்டர் வரைக்கும் மதாம் கறி தொடாது. ஈஸ்டருக்கு அப்பறம்னா எங்களுக்கு கிருத்திகை வருது, அப்பறம் அமாவாச, அப்பறம் அப்பா மாசப் பொறப்புன்னாரு. முகிலன் தலையப் புடிச்சிகினான். அபி ரெண்டு காலண்டரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சி ரெட் பேனாவுல சுழிச்சிகினே வந்தா. "அத்தை, எல்லாரும் கறி சாப்புடற நாளு கெடைக்காது. எல்லாரும் கறி சாப்புடாத நாளு நெறைய இருக்குது. வெள்ளிக்கெழம!"

பாத்தியா? பன்னெண்டு வருசமா வெள்ளிக்கெழம எங்க வூட்டுலயும் கறி கெடையாது, தவக்கால வெள்ளிக்கெழம அவங்க வூட்டுலயும் கெடையாது. பெரிய மனுசங்க ஒருத்தர் மண்டையிலயும் ஏறல! அவங்க வெள்ளிக்கெழமன்னா மீன் சாப்புடுவாங்களாம். அதுக்கு இவ, "தாத்தா, இன்னிக்கி மீனுக்கும் லீவு"ன்னுட்டா. ஸ்கூலுக்கு லீவு போட்டுட்டு காலைலேர்ந்து அரியாங்குப்பத்துல, முகிலன் வூட்டுல சமைக்கிறா. கத்திரிக்கா கொழம்பு, ரெண்டு வூட்டு வடகத்தையும் ஒண்ணாக் கலந்து தாளிக்கப் போறாளாம். அவ ஆயா, அதான் அந்த மதாம், செய்யற மாதிரி உருளக்கெழங்கு, பாலு ஊத்தி அடுப்புல வெச்சி செவக்க வெக்கிறது, எங்கப்பாவுக்காக அதுல முட்டை இல்லாம. அப்பா காலையிலயே வெள்ளச் சட்ட போட்டுகினு முகிலன் வண்டியில போயிட்டாரு. அந்துவானும் மதாமும்கூட வந்துட்டாங்களாம். போன் வந்துச்சி. ரெண்டு பெரியவரும் ஆளுக்கொரு பேப்பர விரிச்சி மூஞ்ச மறைச்சிகினு உக்காந்திருக்காங்களாம். நான்தான் போவணும். இந்தப் பொங்கலோட.

ஏன் நான் இன்னும் போவலங்கறியா? ஆட்டோ வரல. ஆட்டோக்காரன் ரெண்டு தரம் போன் பண்ணான், நான்தான் இதோ இதோன்னு…

சொல்றேன். யாருகிட்டயாவது சொல்லித்தான ஆவணும். நீ புதுசா வந்த பொண்ணு, யாருகிட்டயும் சொல்ல மாட்ட.

போன ஞாயித்துக்கெழம அபி இந்தப் பாத்திரத்த துண்டுல சுத்தி எடுத்துகினு வந்துச்சி. அவங்க ஆயா பன்னெண்டு வருசமா இதத் தொடாம அலமாரி மேல வெச்சிருந்துதாம். புள்ள கேட்டிருக்குது, இத ஏன் எடுக்க மாட்டேங்கறன்னு. "இதுல ஒங்கத்தை வூட்டுக்கு கேக்கு குடுத்தனுப்பனேன். வெறும் பாத்திரமா திரும்பி வந்துச்சி. அந்த வூட்டுல எங்க சாமானுக்கு அவ்ளோதான் மரியாத"ன்னுச்சாம். இவ எங்கப்பாகிட்ட வந்து கேட்டிருக்கா. அவரு, "வெறும் பாத்திரமா? பஜனைக்கு வெச்ச சக்கரப் பொங்கல பாத்திரம் நெறையக் குடுத்தனுப்பனேன்! மாலை போட்ருக்கேன், கேக்கு சாப்புட முடியாது, மனசுல வெச்சிக்காதீங்கன்னு சொல்லியும் அனுப்பனேன். நல்லாருந்துதுன்னு ஒரு வார்த்த வரல. பிரசாதத்த எங்க கொட்டுனாங்களோ"ன்னாரு.

புள்ள எங்கிட்ட வந்துச்சி. நேரா நின்னு பாத்துச்சி. "அத்தை, தாத்தாவும் பொய் சொல்ல மாட்டாரு, ஆயாவும் பொய் சொல்ல மாட்டாங்க. நடுவுல எடுத்துகினு போனது யாரு?"

நாந்தான் பாப்பா.

நாந்தான் எடுத்துகினு போனேன். அப்பா நெரப்பிக் குடுத்தாரு, நெய் மெதக்குது. பஸ்சு ஏறல, நடந்தே போனேன். போவப் போவ வயிறு எரியுது. நான் சோறு ஊட்டி வளத்த புள்ளைக்கு இனிமே அந்த மதாம் கேக்கு ஊட்டும், அதுக்கு நான் பொங்கல் தூக்கிகினு போறேன்… சாமிக்குப் படைச்சத அவங்க சாப்புடவா போறாங்கன்னு ஒரு சாக்கு வேற எனக்கே சொல்லிகினேன். பீச்சுல உக்காந்தேன். பாதிய நானே தின்னேன். மீதிய அங்க வெளையாடிகினு இருந்த பசங்களுக்குக் குடுத்தேன். குழாயில பாத்திரத்தக் கழுவுனேன். கொண்டுபோயி அந்த மதாம் கையில குடுத்துட்டு, "எங்க வூட்டுல இதெல்லாம் சாப்புட மாட்டாங்க"ன்னேன். அந்தம்மா மூடியத் தொறந்து பாத்துது. மூஞ்சி செத்துப் போச்சி. எனக்கு அது நல்லாருந்துச்சி பாப்பா அப்ப. உண்மையச் சொல்றேன், நல்லாருந்துச்சி.

கேக்கு இன்னா ஆச்சின்னு கேக்கறியா? அதையும் நாந்தான் தின்னேன். தோட்டத்துப் பக்கம் ஒளிச்சி வெச்சி, ரெண்டு நாளு. நல்லாத்தான் இருந்துச்சி, எழவு. அந்த ருசி இன்னிக்கும் ஞாபகம் இருக்குது.

மதமாவது மண்ணாவது. பன்னெண்டு வருசமா ஊரு பூரா மதம் மதம்னு சொல்லிகினு திரிஞ்சேனே… அந்தப் புள்ள எங்கிட்ட சத்தம் போடல. "நான் யாருகிட்டயும் சொல்லல அத்தை. வெள்ளிக்கெழம இதுல பொங்கல் வெச்சி எடுத்துகினு வா. சாமிக்குப் படைக்காம எடுத்துகினு வா, அப்பத்தான் ஆயாவும் சாப்புடுவாங்க"ன்னுச்சி. போவும்போது வாசல்லேர்ந்து திரும்பி, "நீயே சொல்லிரு"ன்னுட்டுப் போச்சி. பத்து வயசு! எனக்கு அன்னிலேர்ந்து தூக்கமே இல்ல.

நீ சொல்லு, படிச்ச பொண்ணு. பொங்கல மட்டும் வெச்சிட்டு, வாயத் தொறக்காம சாப்புட்டு வந்துர்லாமா? புள்ளதான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னுச்சே. எழுவத்தாறு வயசு எங்கப்பாவுக்கு, இனிமே போயி ஒங்க பொண்ணுதான்னு சொன்னா… அந்த மதாம் எம்மூஞ்சில முழிக்குமா? முகிலன் இன்னா சொல்லுவான்? சொல்லு பாப்பா. சொல்லணுமா, வாணாமா?

பாப்பா?

அட, எங்க போச்சி? மேல கதவு சாத்துற சத்தம்… மீட்டிங்கு வந்துட்டுதாட்டம் இருக்குது. பாவம், எத்தினி நேரமா நின்னுச்சி. ஒரு வாய்ப் பொங்கலாவது வெச்சிக் குடுப்போம், டப்பாவுல, வெறும் டப்பாதான…

அய்ய.

அய்யய்யோ. உள்ள ஏதோ பேப்பர்ல மடிச்சி… சக்கர. சக்கரடீ! மூணு ஸ்பூனு இருக்கும். டிஷ்யூ பேப்பர்ல மடிச்சி அடியில வெச்சிருக்குது, அதான் சத்தம் வரல. அதத்தான் காட்டிகினே இருந்துச்சா அது? தொறந்தே பாக்கலியே நானு! வாசல்ல நிக்க வெச்சி, ஒங்க ஊர்ல சொல்லித் தர மாட்டாங்களான்னு… த்தூ. அந்த மதாமும் எங்கப்பாவும் ஒருத்தர ஒருத்தர் ஒரு வார்த்த கேட்டிருந்தா முடிஞ்சிருக்கும்னு நெனச்சிகினு இருந்தேன் பாரு. எனக்கு ஒரு மூடியத் தொறக்கத் துப்பில்ல.

பாப்பா! மேல கேக்குதா? நல்லா வளத்திருக்காங்கடி ஒன்ன! ஒங்க ஓசூருக்கு ஒரு கொறையும் இல்ல! டப்பாவ மாடிப்படியில வெக்கிறேன், பொங்கல் சூடா இருக்குது, மீட்டிங்கு முடிஞ்சி எடுத்துக்கோ!

இரு, போனு… ஆங், அபி. வந்துகினே இருக்கேன்டி கண்ணு, ஆட்டோ வந்துட்டுது, இதோ ஏர்றேன். சோறு போட்டுட்டியா? போடாத. எல்லாரும் உக்காரட்டும், நான் வந்து ஒண்ணு சொல்லணும், அதுக்கப்பறம் போடு. ஆமாண்டி. நாந்தான் சொல்லப் போறேன். தாத்தா கையிலேர்ந்து அந்தப் பேப்பர மட்டும் வாங்கி வெய்யி. ஆயாகிட்ட… ஆயாகிட்ட ஒண்ணும் சொல்லாத, அந்தக் கேக்கு எப்பிடி செய்யிறதுன்னு நானே கேட்டுக்கறேன். ஏம்பா ஆட்டோ, பாலத்தாண்ட பள்ளத்துல மெதுவா வுடுப்பா. மடியில பாத்திரம் இருக்குது, நெறைய இருக்குது.